பக்கத்துத் தோட்டத்துப் புழுவுக்கு யார் செலவு செய்வது?

கேள்வி இது: திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் 3 ஏக்கர், கிணற்றுப் பாசனப் பருத்தி. கடைசி இரண்டு எடுப்பில் பாதிக்கு மேல் கொட்டாக (கறை பிடித்த மட்டப் பருத்தியாக) போய்விட்டது. காயை உடைத்தால் உள்ளே ரோஸ் நிறப் புழு. இதைக் கட்டுப்படுத்த அரசாங்கம் பணம் தருகிறதா, யாரைக் கேட்பது? பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கும்போது நான் மட்டும் செலவு பண்ணி என்ன பிரயோசனம்?

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு முட்டையை விட்டு வந்த சில மணி நேரத்துக்குள் பூவுக்குள்ளோ பிஞ்சுக்குள்ளோ புகுந்துவிடும். காய் பெருக்கப் பெருக்க, அது நுழைந்த துளை மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் காய் பளபளவென்று இருக்கும். அதற்குப் பிறகு எந்த மருந்தை அடித்தாலும் ஓட்டின் மேல்தான் விழும், புழுவைத் தொடாது. இந்தப் புழு வளர்ந்து ஆகும் பூச்சிதான் அந்து; ஒரு தாய் அந்து நூறுக்கு மேல் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து அடுத்த அந்து வர ஏறக்குறைய ஒரு மாதம். ஆகஸ்டில் விதைத்த பருத்தி பிப்ரவரி வரை காட்டில் நின்றால் மூன்று நான்கு தலைமுறை ஓடிவிடும். முதல் தலைமுறை கண்ணுக்கே படாது. மூன்றாவது தலைமுறையில்தான் நீங்கள் சொன்ன 'கடைசி இரண்டு எடுப்பு' கதை நடக்கும்.

அந்து பறக்கும், வரப்பு பார்க்காது. உங்கள் 3 ஏக்கரில் ஒரு புழு இல்லாமல் துடைத்து வைத்தாலும் தெற்கே இருக்கிற 5 ஏக்கரில் இணைசேர்ந்த தாய் அந்து ராத்திரி வந்து உங்கள் பிஞ்சில் முட்டை வைத்துவிட்டுப் போகும். ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானதுதான், தனி ஆள் செலவில் பாதி வீண். ஆனால் பொதுப்பணம் தேவைப்படுவதும் இதே காரணத்தால்தான். அசுவினிக்கோ இலைப்பேனுக்கோ அவரவர் காட்டைப் பார்த்துக்கொண்டால் ஓரளவு போதும். இந்தப் புழுவுக்கு ஊரே ஒரு காடு என்று நினைத்துச் செலவு செய்தால்தான் பலன். மானியம் தருவதில் அரசு சறுக்குவதும் இந்த இடத்தில்தான்: ஊருக்கான நோய்க்குத் தனி ஆளுக்கு மருந்து கொடுக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. 1919ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் போட்டது. இந்தியாவில் அந்த மாதிரிச் சட்டத்தில் அதுதான் முன்னோடி. கோயம்புத்தூர்ச் சீமையில் கம்போடியா பருத்தி பரவிய காலம் அது. இந்தக் காய்ப்புழுவையும் தண்டுக் கூன்வண்டையும் ஒழிக்க, குறித்த தேதிக்குள் பருத்திச் செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு இருந்தது. நிலத்துக்காரர் செய்யாவிட்டால் அதிகாரியே ஆளை விட்டுச் செய்து, கூலியை நிலவரிப் பாக்கி போல வசூல் செய்யலாம். கெடுபிடியான ஏற்பாடுதான். ஆனாலும் 'பக்கத்துக்காரர் செய்யாவிட்டால் என்ன' என்ற கேள்விக்கு அதில் பதில் இருந்தது. இன்றைய திட்டங்கள் எதிலும் அந்தப் பதில் இல்லை.

அமெரிக்கக்காரன் வேறு மாதிரிச் செய்தான். கலிபோர்னியாவில் 1967 வாக்கில் பருத்தி விவசாயிகள் அரைத்த பேல் (பஞ்சுப் பொதி) ஒன்றுக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டு, அந்தப் பணத்தில் பொறி வைத்துக் கணக்கெடுக்கவும், மலடாக்கிய அந்துகளை வளர்த்துக் காட்டில் விடவும் ஏற்பாடு செய்தார்கள். பின்னால் மற்ற மாநிலங்களும் சேர்ந்தன. பிடி பருத்தி (காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி ஜீன் சேர்த்த விதை), மலட்டு அந்து, பெண் அந்தின் வாசனை ஊறிய இனக்கவர்ச்சிக் கயிறு, தேதி வைத்துச் செடியை உழுது அழிப்பது என எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்து, 2018 அக்டோபரில் தங்கள் வணிகப் பருத்தியில் இந்தப் புழு ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 1978இல் கூன்வண்டுக்கு எதிராக ஆரம்பித்த இன்னொரு பெரிய இயக்கத்தில் செலவுக் கணக்கு ஏறத்தாழ விவசாயி 70, மத்திய அரசு 30. பணம் அரசுடையது அதிகமா விவசாயியுடையது அதிகமா என்பது அங்கே பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஒரே கையில் சேர்ந்தது, ஒரே நாளில் செலவானது, யாருக்கும் விலக்கு இல்லை. அதுதான் வேலை செய்தது. மலட்டு அந்து வளர்க்கும் தொழிற்சாலையை நம் ஊருக்குக் கற்பனை செய்ய வேண்டாம். இனக்கவர்ச்சிக் கயிறும், தேதி வைத்துச் செடியை அழிப்பதும் நமக்கும் முடியும்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். பிடி பருத்தி இங்கே 2002இல் வந்தது, இரண்டு ஜீன் விதை 2006இல் வந்தது. இந்த ரோஸ் புழு முதல் ஜீனைக் குஜராத்தில் தாண்டி, பிறகு இரண்டாவதையும் தாண்டிவிட்டது. 475 கிராம் பொட்டலத்துக்கு 2025இல் மத்திய அரசு வைத்த உச்சவிலை 901 ரூபாய். அந்தக் காசு அமெரிக்கன் காய்ப்புழு என்ற வேறொரு புழுவுக்கான காசு. ரோஸ் புழுவுக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

இனி, பணம் எங்கே இருக்கிறது. கட்டுப்படுத்துவதற்கு முன்னால் தரும் பணம், நஷ்டப்பட்ட பிறகு தரும் பணம் என்று இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார்கள்.

முன்னால் தரும் பணத்துக்கு வாசல் ஒன்றே, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். உள்ளே போனால் பல குழாய்களில் தண்ணீர் வரும். உணவுப் பாதுகாப்பு இயக்கத்தின் வணிகப் பயிர்ப் பிரிவில் பருத்திக்குச் செயல்விளக்கத் திடல் போடுவார்கள். மத்திய அரசு 60, மாநில அரசு 40 பங்கு. அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டமும் அதே 60:40தான், அதில் பண்ணைப்பள்ளி நடத்தலாம். மாநில அரசின் பருத்தித் திட்டம் தனி. இதில் இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்தின் வாசனையை வைத்து ஆண் அந்தைப் பிடிப்பது), உயிரியல் காரணி, நுண்ணூட்டம் போன்றவை மானிய விலையில் வரும். மானிய சதவீதமும் ஆளுக்கு எத்தனை ஏக்கர் என்ற வரம்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், போன வருடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் பருத்தி உற்பத்தித் திறனுக்கு ஐந்தாண்டு இயக்கம் ஒன்றும் அறிவித்தார்கள்.

உழவன் செயலியில் பதிவு செய்து, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் கொடுக்க வேண்டும். சிறு குறு விவசாயி என்றால் தாசில்தார் சான்று. கவனிக்க வேண்டியது அடங்கல். அதில் பருத்தி என்று பதிவாகியிருக்க வேண்டும். மக்காச்சோளம் போட்ட பழைய பதிவே நின்றுகொண்டிருந்தால் மானியமும் கிடையாது, நாளை நிவாரணமும் கிடையாது. விதைத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, அதை விட்டு ஐம்பதாயிரம் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது, நம் பருத்திப் பட்டம் ஆகஸ்டில் பிறக்கிறது. அரசாணை, மாவட்ட இலக்கு, கொள்முதல் என்று இறங்கி வருவதற்குள் ஐப்பசி கார்த்திகை ஆகிவிடும். பொறி வைக்க வேண்டியது விதைத்த 45ஆம் நாள். டிசம்பரில் வந்து சேரும் பொறி, திருடன் போன பிறகு போடும் பூட்டு. பல மானியங்கள் பின்னேற்பு மானியம், அதாவது முதலில் முழு விலைக்கு வாங்கி, பில் வைத்து, அப்புறம் கணக்கில் வரவு. 3 ஏக்கர்க்காரருக்கு அக்டோபரில் கையில் காசு இருக்காது, உரத்துக்கே கடன். ஆகவே மானியம் வரும் என்று காத்திருக்காமல் பொறியை வாங்கி வைத்துவிட்டு, வரும் மானியத்தை அடுத்த வருடத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே விவரம். பொறியின் கூடு இரண்டு மூன்று வருடம் வரும். மாற்ற வேண்டியது உள்ளே வைக்கும் வாசனைக் குப்பி மட்டும்தான்.

குப்பி என்றதும் சொல்லிவிடுகிறேன், மானியப் பொறியில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான். இந்தப் புழுவுக்கான இனக்கவர்ச்சிக் குப்பி காசிப்லூர். அமெரிக்கன் காய்ப்புழுவுக்கு ஹெலிலூர், புரொடீனியா என்ற இலை தின்னும் புழுவுக்கு ஸ்போடோலூர். மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி ரப்பர்த் துண்டு. பருத்திக்கு என்று கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மாற்றிப் போட்டால் பொறி காலியாகவே இருக்கும், நீங்களும் புழுவே இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். உறையில் எழுத்தைப் பாருங்கள், தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வெயிலடிக்கிற அலமாரியில் ஆறு மாதம் கிடந்த குப்பி வெறும் ரப்பர்தான். புகையிலை, மருந்து தொட்ட கையால் தொடக் கூடாது.

கணக்கெடுக்க ஏக்கருக்கு 2 பொறி போதும். செடி நுனிக்கு அரையடி முதல் ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும், செடி வளர வளர உயர்த்த வேண்டும். முதல் மாதம் கட்டிய உயரத்திலேயே விட்டால் இலைக்குள் புதைந்துபோகும். குப்பியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றவும். ஒரு பொறியில் ஒரு ராத்திரிக்கு 8 அந்து வீதம் தொடர்ந்து மூன்று ராத்திரி விழுந்தால் அது அபாயக் கோடு. பொறியோடு இன்னும் இரண்டு பார்வை வேண்டும். பூ விரியாமல் இதழெல்லாம் கட்டியது போல ரோஜா மொட்டாக நின்றால் உள்ளே புழு இருக்கிறது. 100 பூவில் 10 அப்படி இருந்தால் கோட்டைத் தாண்டியாயிற்று. அடுத்தது காய். ஏக்கருக்கு 20 பச்சைக் காய், இரண்டு வார வயதுக் காயாகப் பார்த்துப் பறித்து உடைக்கவும். இரண்டு காயில் உயிரோடு புழு இருந்தால் பத்து சதவீதம், மருந்துக்கு நேரம். காயை உடைப்பதில் எல்லோருக்கும் கருமித்தனம். 20 காய் போனால் பருத்தி நூறு கிராம்கூடத் தேறாது.

மருந்தை நீட்டி எழுதப் போவதில்லை. தொடக்கத்தில் குயினால்பாஸ் 20 ஏஎஃப் லிட்டருக்கு 2 மில்லி, அல்லது தயோடிகார்ப் 75 டபிள்யூபி லிட்டருக்கு 2 கிராம். கடைசிக் கட்டத்தில் மட்டும், அதாவது 120 நாளுக்கு மேல், பென்வலரேட் 20 ஈசி அல்லது சைபர்மெத்ரின் 10 ஈசி லிட்டருக்கு 1 மில்லி. வாங்கும்போது அந்த மருந்து அப்போது அனுமதியில் இருக்கிறதா என்று விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வகை மருந்தை அக்டோபரிலேயே அடித்தால் வெள்ளை ஈ கிளம்பும். கடையில் மூன்றைக் கலந்து ஒரே டேங்கில் ஊற்றச் சொன்னால் காதில் வாங்காமல் வந்துவிடுங்கள்.

உயிரியல் காரணி என்று கொடுப்பது முட்டை ஒட்டுண்ணி அட்டை. ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 3 சிசி, அதாவது சுமார் 60,000 ஒட்டுண்ணி. 60ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவையாக ஐந்தாறு தடவை கட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை கட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதால் ஒன்றும் ஆகாது. அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, பொழுது சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கத்தில் பின் அடிக்கவும். கறுத்த முட்டையாக இருக்க வேண்டும். முட்டையில் ஓட்டை தெரிந்தால் ஒட்டுண்ணி வழியிலேயே பொரிந்து பறந்துவிட்டது, உங்கள் கையில் இருப்பது வெறும் அட்டை. பஸ்ஸில் வெயிலில் கொண்டுவந்த அட்டைக்கு இந்தக் கதிதான். கட்டிய ஒரு வாரத்துக்கு மருந்து அடிக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் அடித்தாலும் சாரல் வரும், ஆக இதுவும் ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைதான்.

இருப்பதில் ஊர்ப் பணத்துக்கு மிகப் பொருத்தமானது இணைசேர்க்கைத் தடுப்பு முடிச்சு, மேலே சொன்ன இனக்கவர்ச்சிக் கயிறுதான். தாய் அந்தின் வாசனையை ஊறவைத்த பிளாஸ்டிக் இழை, ஏக்கருக்கு 160. செடிக்கு 35–45 நாள் இருக்கும்போது மேல் கிளையில் சுற்றிக் கட்டிவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதம் வாசனை விடும். காடு முழுக்க ஒரே வாசனை, ஆண் அந்துக்குத் திசை தெரியாது, பெண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. மருந்துச் செலவில்லை, தேனீக்கும் கெடுதல் இல்லை. ஆனால் 3 ஏக்கரில் மட்டும் கட்டினால் பக்கத்துக் காட்டில் இணைசேர்ந்த தாய் உள்ளே வந்து முட்டை வைக்கும், 480 முடிச்சின் காசு காற்றில் போகும். என் கணிப்பில் ஒரே கட்டாக 25 ஏக்கராவது சேராமல் இதைத் தொடக் கூடாது. அதிலும் ஓரத்துக் காடுகளுக்கு நெருக்கமாகக் கட்ட வேண்டும். இன்னொன்று, முடிச்சுக் கட்டிய காட்டில் பொறியில் அந்து விழாது. விழக் கூடாது என்பதுதான் ஏற்பாடே. அதைப் பார்த்துப் புழு இல்லை என்று முடிவு கட்டாமல் காயை உடைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நஷ்டத்துக்குப் பிறகு வரும் பணத்துக்கு வருவோம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் பட்டியலில் புயல், வறட்சி, வெள்ளத்தோடு 'பூச்சித் தாக்குதல்' என்பதும் ஒரு பேரிடராக இருக்கிறது. பலருக்குத் தெரியாது, மனுவில் எழுதுவதும் இல்லை. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்றால், 2022–26 காலத்து விதிப்படி மானாவாரிக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், இறவைக்கு 17,000 ரூபாய், ஒருவருக்கு 2 எக்டேர் வரை. அந்த விகிதத்தில் உங்கள் 3 ஏக்கர் இறவைக்குக் கணக்குப் போட்டால் 20,600 ரூபாய் சுமாருக்கு வரும். ஆனால் தனி மனுவுக்கு இது அசையாது. வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கூட்டாக வந்து கணக்கெடுத்து, அரசு முடிவு செய்ய வேண்டும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஐம்பது பேர் ஒரே மாதிரி மனு கொடுத்தால் அசைய வாய்ப்புண்டு. மனுவோடு தேதி போட்ட போட்டோ, வாராவாரம் பொறியில் எண்ணிய கணக்கு, காய் உடைத்த கணக்கு வைக்கவும். செடி நிற்கும்போதே கூப்பிட வேண்டும். எடுப்பு முடிந்து ஆடு மேய்ந்த பிறகு வந்தால் அவர்கள் எதை எண்ணுவார்கள்?

பயிர்க் காப்பீட்டைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் பருத்தி மாதிரி வணிகப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். பூச்சியால் வரும் மகசூல் இழப்பும் அதில் சேர்த்திதான். ஆனால் ஆலங்கட்டி மழை மாதிரி உங்கள் காட்டுக்கு மட்டும் வந்து பார்க்க மாட்டார்கள். பிர்க்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் உள்வட்டம்) அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, கடந்த 7 ஆண்டில் சிறந்த 5 ஆண்டின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். பரிசோதனை பார்ப்பது எடையை. ரோஸ் புழு எடையைக் குறைப்பதைவிடத் தரத்தைத்தான் அதிகம் கெடுக்கிறது. கறை பிடித்து, அரைகுறையாக வெடித்த சுளையும் தராசில் எடை காட்டும். ஏலத்தில் அது கொட்டு ரகமாக ஒதுங்கி, நல்ல பருத்தியின் விலையில் ஒரு பங்குக்குப் போகும் நஷ்டம் எந்தப் பரிசோதனையிலும் பதிவாகாது. கட்டாதே என்று சொல்லவில்லை, வறட்சிக்கு அது வேண்டும். உங்கள் பிர்க்காவில் பருத்தி அறிவிக்கப்பட்ட பயிரா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். புழுவுக்கு அதை நம்ப வேண்டாம்.

குறைந்தபட்ச ஆதரவு விலையும் இப்படித்தான். 2025–26க்கு நடுத்தர இழைக்குக் குவிண்டாலுக்கு 7,710, நீண்ட இழைக்கு 8,110 என்று அறிவித்தார்கள். இந்தியப் பருத்திக் கழகம் வாங்கினாலும் சராசரித் தரமும் ஈரப்பதமும் பார்த்துத்தான் வாங்கும். கொட்டுக்கு ஆதரவு விலை கிடையாது.

நஷ்ட ஈட்டை நம்பிப் பண்ணையம் செய்வது எப்படி முடியும் என்பதற்கு மகாராஷ்டிரம் சாட்சி. 2017இல் இதே புழு விதர்பாவையும் மராத்வாடாவையும் சூறையாடியபோது, மானாவாரிக்கு எக்டேருக்கு 30,800, இறவைக்கு 37,500 ரூபாய் என்று அந்த அரசு அறிவித்தது. பெரிய தொகைதான். பிரித்துப் பார்த்தால் தெரியும்: பேரிடர் நிதியிலிருந்து 6,800 அல்லது 13,500, காப்பீட்டிலிருந்து 8,000, விதைக் கம்பெனிகளிடமிருந்து 16,000. அரசின் கையில் இருந்தது முதல் பகுதி மட்டும். காப்பீடு அதன் விதிப்படிதான் நகரும், விதைக் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளாமல் வழக்குக்குப் போயின. அறிவிப்பில் வரும் எண்ணைப் பார்க்காதீர்கள், அது யார் பையிலிருந்து வர வேண்டும் என்று பாருங்கள்.

இப்போது ஊருக்கு. உங்களைச் சுற்றி 100 ஏக்கர் பருத்தி என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 8 குவிண்டால், மொத்தம் 800 குவிண்டால். கலிபோர்னியாக்காரன் பேலுக்குப் பிடித்த மாதிரி, ஏலத்தில் விற்கும்போது குவிண்டாலுக்கு 25 ரூபாய் ஒதுக்கினால் 20,000 ரூபாய். ஏழாயிரம் எண்ணாயிரத்தில் 25 ரூபாய் தெரியவே தெரியாது. விவரமான ஒரு ஆளுக்கு, அல்லது அக்ரி படித்துவிட்டு ஊரில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, வாரம் இரண்டு நாள், நாளுக்கு 500 என்று 12 வாரத்துக்கு 12,000. வேலை: எல்லாத் தோட்டத்துப் பொறியையும் எண்ணுவது, பூவும் காயும் பார்ப்பது, ஊர் வாட்ஸ்அப்பில் போடுவது. மீதி 8,000 குப்பிக்கு. இந்தக் கணக்கெடுப்பு வேலையைத்தான் மகாராஷ்டிரத்தில் 2009 முதல் அரசே பணம் கொடுத்து வாராவாரம் செய்கிறது. இங்கே அந்த அளவுக்கு இல்லாததால் நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கணக்கு நோட்டு இருந்தால் செயல்விளக்கத் திடலை உங்கள் ஊருக்குத் திருப்புவது சுலபம். இலக்கை முடிக்க வேண்டிய அதிகாரிக்குத் தயாராக நிற்கும் ஒரு கூட்டம் கிடைப்பது பெரிய நிம்மதி. அப்போது கேட்க வேண்டியது ஆளுக்கு ஒரு பொறி அல்ல: 'எங்கள் மானியம் எல்லாவற்றையும் ஒரே கட்டாக, செப்டம்பர் கடைசிக்குள், ஒரே பொருளாகக் கொடுங்கள்.' மே, ஜூனில் இலக்குத் தயாராகும்போதே எழுத்தில் கொடுக்கவும். செப்டம்பரில் போய்க் கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள், அவர்கள்மேல் தப்பும் இல்லை.

உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கலாம். 2017–18இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தபோது நூறு விவசாயி சேர்ந்த குழுவுக்கு 5 லட்சம் கொடுத்துக் கருவி வாங்க வைத்தார்கள். அப்படி வாங்கிய ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) யார் வீட்டுச் சாளையில் நிற்கிறது என்று விசாரியுங்கள். தட்டு நறுக்கும் கருவி வாங்குவதானால் வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம், சிறு குறு விவசாயி, பெண்கள், பட்டியலினத்தவருக்கு 50 சதவீத மானியம். வாங்க வேண்டாம் என்றால் அதே துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியாக வாடகைக்கு எடுக்கலாம்.

கருவியைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் பருத்திமார்தான், அதாவது எடுப்பு முடிந்து நிற்கும் காய்ந்த செடி. காய்ப்புழுவுக்குச் செலவாகும் காசில் மிக மலிவாக, மிக அதிகம் பலன் தருவது கடைசி எடுப்புக்குப் பிந்திய இரண்டு வாரம். இந்தப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் வேறு தீனி அதிகம் கிடையாது. வெண்டை, துத்தி வகைகளில் கொஞ்சம் பிழைக்கும், அவ்வளவுதான். ஆகவே அது காய்ந்த காயிலும், ஒட்டிக்கொண்ட இரட்டைக் கொட்டைக்குள்ளும் சுருண்டு மாதக்கணக்கில் தூங்கும். கோடை மழை பெய்து ஈரம் வந்ததும் அந்தாகக் கிளம்பும். அடுப்புக்கு ஆகும் என்று களத்துமேட்டில் அடுக்கி வைத்த மார்தான் ஆடிப் பருத்திக்கு விதைப்புழு. விலை ஏறுகிறது என்று தண்ணீர் விட்டு இன்னொரு சுற்றுக் காய் பிடிக்க வைப்பது அதைவிட மோசம்.

ஜின்னிங் மில்லும் இதில் சேர்த்தி. டெல்டாவில் நெல்லுக்குப் பின் போடும் பருத்தி ஜூன், ஜூலையில் எடுப்புக்கு வந்து, அதில் ஒரு பகுதி நம் பக்கத்து மில்களுக்கு லாரியில் வருகிறது. கொட்டைக்குள் புழுவும் கூடவே வரும். நம் விதைப்பு ஆகஸ்டில். இதைவிடக் கச்சிதமாக யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. மில் வளாகத்திலும் கொட்டைக் குடோனைச் சுற்றியும் பொறி வைப்பது, கழிவை அன்றன்றே அப்புறப்படுத்துவது, கொட்டையை மழைக்காலம் வரை தேக்காமல் எண்ணெய்க்கு அனுப்புவது ஆகியவற்றைத் தனி விவசாயி கேட்க முடியாது, குறைதீர் கூட்டத்தில் ஊராகக் கேட்கலாம். விற்பனைக்கூடத்தின் வருமானத்தில் ஒரு துளி இதற்குப் போனால் அதைவிட நல்ல செலவு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? பெரும்பாலும் அவர் சோம்பேறி இல்லை. குத்தகைக்காரராக இருப்பார், அல்லது திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருபவராக இருப்பார். அவருடைய மாரையும் சேர்த்து ரோட்டவேட்டர் ஓட்டிவிடுங்கள். மணிக்கு ஐந்நூறோ ஆயிரமோ ஆனாலும் உங்கள் 3 ஏக்கருக்கு அடிக்கும் ஒரு சுற்று மருந்தைவிட அது மலிவு. அதற்கு முன்னால் ஆட்டுப் பட்டி போட்டால் மிச்சப் பச்சைக் காயெல்லாம் புழுவோடு தீர்ந்துவிடும், உரமும் ஆகும். கடைசியாக மருந்தடித்து மூன்று வாரமாவது ஆகியிருந்தால் மட்டும் பட்டிக்காரரைக் கூப்பிடுங்கள். உங்கள் களத்தில் இப்போது மார் அடுக்கியிருந்தால், சித்திரை மழைக்கு முன்னால் அதை நறுக்கி உழவில் விடுவது, முடியாவிட்டால் தூளாக்கிப் பிரிக்கெட் எரிகட்டி செய்பவர்களுக்கு ஏற்றிவிடுவது என்று இந்த வாரமே முடிவு செய்யுங்கள்.